சூளையைக் காணவில்லை

"நம்ம ஆபீஸ்ல ரெண்டு விஷயத்தைச் சூடா இருக்கும்போது நிறுத்தவே கூடாது. ஒண்ணு, கில்ன். இன்னொண்ணு..."

அலுவலகக் கண்காணிப்பாளர் வேதசிரோமணி தம் பணிநிறைவு விழாவில் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். அந்த இன்னொன்றை அவர் சொல்லும் நேரம் பார்த்து மெதுவடைத் தட்டு ஸ்ரீவத்சனிடம் வந்து சேர்ந்தது. சட்னியா சாம்பாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிமிர்வதற்குள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் கைதட்டினார்.

தாம்பரம் தாண்டி சிங்கப்பெருமாள் கோவில் போகிற வழியில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி இருந்தது மூலதன இயந்திர மூப்பாய்வு நிலையம். நாட்டிலுள்ள பெரிய இயந்திரங்கள் எந்த வயதில் கிழடாகின்றன என்பதைக் கண்டறிந்து அரசுக்கு அறிவிப்பது அதன் தலையாய பணி. அறிக்கை அச்சடிக்கும் இயந்திரம் மூப்படைந்துவிட்டதால் இதுவரை எதையும் அறிவிக்க இயலவில்லை.

ஸ்ரீவத்சனுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, ஆறு வருஷம் முன்பு திரும்பி வந்து செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியேறியவர். அங்கே இருந்தபோது தெளிவாக எழுதுகிறவர் என்று பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று தம் கையால் ஒருநாளும் எழுதுவதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டார். அந்தக் கோப்பில் அந்த வாக்கியம் பத்தொன்பது இடத்தில் இருந்தது.

அவருடைய ஆராய்ச்சிப் பொருள் பின்புற ஷெட்டில் இருந்த சுழல்சூளை; ஆபீஸ் பாஷையில் கில்ன். பதின்மூன்று மீட்டர் நீளத்தில், லேசாகச் சாய்த்துப் படுக்கவைத்த இரும்பு உருளை. மேல் முனையில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டால், உருண்டு உருண்டு நெருப்புக்குள் இறங்கி, கீழ் முனையில் சுண்ணாம்பாக வந்து விழும். மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. வயது நாற்பத்தொன்று. இதை நூறு நாள் இடைவிடாமல் ஓட்டி, எங்கே எப்போது உடைகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

எண்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. உடையவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள் போனால், பழைய இயந்திரம் வேறு, பயன்படாத இயந்திரம் வேறு என்று நிரூபித்துவிடலாம். இவர் ஊர் திரும்பியதே அந்த ஒரு அறிக்கையை எழுதத்தான். ஒரே ஒரு கவனம் வேண்டும். சூடாக இருக்கும்போது சூளை நின்றுவிட்டால், தன் பாரத்திலேயே நடுவில் தொய்ந்து வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.

நிலையத்தில் இன்னொரு சூளையும் இருந்தது. இயக்குநர் அனந்தகிருஷ்ணன் சிறுசேரியில் ஒரு கருத்தரங்குக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'டிஜிட்டல் ட்வின்' என்ற சொல்லோடு திரும்பி வந்திருந்தார். விளைவாக அவர் அறைச் சுவரில் ஆறடிக்கு ஒரு திரை. அதில், ஷெட்டில் இருப்பதன் கணினி இரட்டையாக, நீல நிறத்தில் ஒரு சூளை சுழன்றது. புகை கிடையாது, தூசி கிடையாது, சத்தம் கிடையாது. ஏ.சி. உண்டு. பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஷெட் பக்கம் போகாமலே திருப்தியுடன் விடைபெற்றார்கள்.

எண்பத்தெட்டாம் நாள் காலை சொத்துச் சரிபார்ப்பு அலுவலர் திரிபுரசுந்தரி வந்தார். நாற்காலி, மின்விசிறி, சூளை எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது பொருள்கள். பொருள் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று விதி. சூளையின் பதிவெண் உருளையின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அவர் பார்த்த அந்த ஒரு நிமிடம் எண் அடிப்பக்கம் போயிருந்தது. திரிபுரசுந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதிவேட்டில் 'காணவில்லை' என்று எழுதினார்.

சூளையை முப்பது வருஷமாக ஓட்டும் சவுரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அதுவே சுத்திக்கினு வந்து உங்களுக்கு மூஞ்சிய காட்டும்."

"சொத்து அலுவலரைத் தேடி வரக் கூடாதுங்க. அலுவலர்தான் சொத்தைத் தேடிப் போகணும்."

"அப்ப எதிர்ல சுத்திக்கினு கீதே, இது இன்னா மேடம்?"

திரிபுரசுந்தரி நியாயமானவர். கேள்வியை ஏற்றுக்கொண்டு, 'எண்ணற்ற அந்நியப் பொருள் ஒன்று வளாகத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது' என்று தனி வரியில் பதிந்தார். பிறகு இயக்குநர் அறைக்குப் போனார். நீலச் சூளை எப்படிச் சுழன்றாலும் அதன் எண் மட்டும் திரையில் நேராக நின்றது. 'காணவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'உள்ளது, நல்ல நிலையில், இயக்குநர் அறையில்' என்று திருத்தினார்.

ஸ்ரீவத்சன் ஓடினார். அது படம் சார், ஷெட்டில் இருப்பதுதான் சூளை என்றார். அனந்தகிருஷ்ணன் அவரை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பதிவேட்டில் இல்லாத பொருளை நிறுத்தி அகற்றத்தான் வேண்டும், ஷெட்டில் இருப்பதை ஒரு நகல் என்று நினைத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்று ஆறுதல் சொன்னார். நகல் நின்றால் திரையும் நின்றுவிடுமே, வெப்பக் கணக்கெல்லாம் அங்கிருந்துதானே வருகிறது என்று இவர் கேட்டார். மூன்று மாதப் பதிவு கையில் இருக்கிறது, திருப்பித் திருப்பி ஓடவிடலாம் என்றார் அவர்.

"அதுவும் போக, நீங்களே எழுதியிருக்கீங்களே ஸ்ரீவத்சன், ஜெர்மனில. 'இயந்திரம் தேய்வதால் பழசாவதில்லை; அதைப் பார்க்க யாரும் வராதபோது பழசாகிறது.' அருமையான வாக்கியம். மூணு வருஷமா அந்த ஷெட்டுக்கு யார் வந்தா, சொல்லுங்க? அதான் அப்புறப்படுத்துற கோப்புல அப்படியே சேர்த்துட்டேன்."

டெல்லியிலிருந்து இந்த நிலையத்துக்கே ஒன்பது வருஷமாக யாரும் வரவில்லையே என்றார் ஸ்ரீவத்சன்.

"அதுக்குத்தானே திரை. டெல்லில இருந்தபடியே பாத்துக்கலாம்."

மதியம் இரண்டரைக்குக் கோப்பு வந்தது. உள்ளே ஆணை. 'சுழல்சூளை இன்று மாலை நான்கு மணிக்கு நிறுத்தப்பட்டு, வளாகத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட வேண்டும்.' இயக்குநரின் கையெழுத்து பச்சை மையில் இருந்தது. அதற்குக் கீழே, பொறுப்பு விஞ்ஞானி ஒப்புக்கொண்டு கையெழுத்திட ஓர் இடம் காலியாக இருந்தது; அது நிரம்பாமல் ஆணை செல்லாது.

ஸ்ரீவத்சன் கோப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். சூளையின் எண் அப்போதுதான் மேலே ஏறி வந்து, பெரிய வெள்ளை எழுத்தில் அவரைப் பார்த்துவிட்டு மறுபக்கம் இறங்கியது. சவுரிமுத்து எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தார்.

"ஆற வெச்சி நிறுத்தறதுன்னாலே சுத்த வுட்டுத்தான் சார் ஆற வைக்கணும். முழுசா ரெண்டு நாள் ஆவும். நாலு மணிக்கே நிறுத்துனா வளைஞ்சிடும்."

"சொல்லிப் பாத்தேன் சவுரிமுத்து. நிறுத்துன்னா நிறுத்துங்கறாங்க."

"வேதசிரோமணி அய்யா இருந்திருந்தா இந்தப் பேஜாரே வந்திருக்காது."

ஸ்ரீவத்சனுக்கு வடைத் தட்டு ஞாபகம் வந்தது. நிறுத்தக் கூடாத ரெண்டுல ஒண்ணு கில்ன், இன்னொண்ணு என்ன சொன்னார் அவர், என்று கேட்டார்.

"ஃபைலு சார்."

"ஃபைலா?"

"சூடான ஃபைலு ஒரே மேஜைல நின்னா யாராச்சும் படிச்சிடுவாங்க. படிச்சா கையெழுத்துப் போட்டுடுவாங்க. போய்க்கினே இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னாரு. அதுக்குத்தான் சார் அன்னிக்கி அம்மாம் கைதட்டல். நீங்களும்தான் தட்னீங்க."

மணி மூன்று ஐம்பது. எண் மறுபடி மேலே ஏறி வந்தது. ஸ்ரீவத்சன் ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பைத் தொடைமேல் விரித்து வைத்தார். கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டார்.

பிறகு பேனாவைத் திறந்து, 'ஆணையில் குறிப்பிடப்படும் சுழல்சூளை, பதிவேட்டின்படி இயக்குநர் அறையில் உள்ளதா, பதிவேட்டில் இல்லாமல் ஷெட்டில் உள்ளதா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று எழுதி, கோப்பை நிதி, சட்டம், பண்டகசாலை உள்ளிட்ட ஏழு பிரிவுகளுக்கும் அனுப்பிவைத்தார்.