சம்பந்தியின் பெயர் வைத்த அம்மோனைட்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஒன்பது நாளாக நீங்கள் உங்கள் மருமகளோடு பேசுவதில்லை என்று தெரிந்தபின் அதை எழுதக் கை வரவில்லை.

நடந்ததை எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். அம்மோனைட் என்பது கடலில் வாழ்ந்து, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போன பிராணி. அதன் சுருள் ஓடு மட்டும் கல்லாகக் கிடைக்கிறது. என் மகள் கல்குவாரியில் உள்ளங்கை அளவில் ஒன்றைக் கண்டெடுத்து, புது இனம் என்று கட்டுரை எழுதி, என் பெயரை வைத்தாள். பிறகு அங்கேயே வண்டிச்சக்கரம் அளவில் இன்னொன்று கிடைத்ததும் அதற்கு உங்கள் பெயரை வைத்தாள். "சைஸப் பாத்தீங்களா சம்பந்தி?" என்று நீங்கள் கேட்டதையும், அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்ததையும் நான் தப்பாக நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன்.

இப்போது அவளே அந்தப் பெரிய கல்லை அறுத்துப் பார்த்திருக்கிறாள். நாலாவது சுற்று வரைக்கும் சின்னதும் பெரியதும் அச்சு அசல் ஒன்றாம். ஆக, இரண்டும் ஒரே இனம். சின்னது ஆண், பெரியது பெண்; இந்தப் பிராணியில் பெண்தான் பெரிதாக வளருமாம். எனக்குத் தலை சுற்றிவிட்டது. "அப்ப நானும் சம்பந்தியும் இனிமே என்னம்மா முறை?" என்று கேட்டேன். "கல்லுக்கு ஏதுப்பா முறை? ஒரு இனத்துக்கு ஒரு பேருதான். ஒண்ணு போயிடும்" என்றாள். இதை உங்களிடம் சொல்ல வந்தவள், உங்கள் வாக்கிங் நண்பர்கள் நாலு பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கையில், "மாமா, நீங்க பொண்ணு" என்று ஆரம்பித்திருக்க வேண்டாம். நீங்கள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தியது நியாயம்தான், ஆனால் அவள் போனில் அழுததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சின்னதா பெரியதா, ஆண் பேரா பெண் பேரா என்று போட்டுக் குழப்பி, கடைசியில் இது பெரியவங்க பேசி முடிக்க வேண்டிய சமாச்சாரம்னு பட்டுது. ஆகவே விட்டுக்கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரே நிற்கட்டும்.

அங்கே எல்லோரையும் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பெயரைத் துறந்த உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "யாருப்பா உங்கள விட்டுக்கொடுக்கச் சொன்னது? முதல்ல அச்சான பேருதான் நிக்கும், அதான் விதி" என்கிறாள். என் பெயர் உங்கள் பெயருக்கு ஏழு மாதம் முன்னால் அச்சானது. ஆகையால் மேலே எழுதியது ரத்து. மறைப்பானேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என் பெயரை முதலில் வைத்தாள் என்று பெருமையாகக் கேட்டும் விட்டேன். உங்கள் பெயரைத்தான் வைக்க இருந்தாளாம். "கல்லு ரொம்பச் சின்னதுப்பா. மாமாவுக்குக் குறைச்சலா இருக்குமேன்னு உங்களுக்கு வெச்சேன்" என்றாள். என் சந்தோஷமும் ரத்து. இனியாவது அவளோடு பேசுங்கள்.