புள்ளிப் பட்டியலும் டிக்கெடுப்பாரும்

எங்கள் கோயில் அலுவலகக் கணினியைக் கெடுத்தவன் நான். பழியைச் சுமந்தவர் டிக்கெடுப்பார். ஏழு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர், கோயில் செயலாளர் என்ற இரண்டு மரியாதைகளும் வாயை அடைத்துக்கொண்டிருந்தன.

பழைய கணினியை ஓடவைப்பதில் அவரை மிஞ்ச, காரைக்குடியிலிருந்து ஒக்கூர் வரை ஆள் கிடையாது. கணினி திறக்கும்போது தானாகக் கிளம்பும் நிரல்களின் பட்டியலை எடுத்து, தேவையில்லாதவற்றின் டிக்கை நீக்கிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். பந்தியில் பதினெட்டு வகை விழுந்தால், "எல்லாத்தையும் ஒண்ணா ஓடவிட்டா வயிறு ஹேங் ஆகும்ல?" என்று பன்னிரண்டை ஒதுக்கிவைப்பார்.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கிழட்டுக் கணினி. பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திரையில் அந்தப் புல்வெளிப் படம் வந்திருக்காது. தூக்கியெறியவும் வழியில்லை, புள்ளிப் பட்டியல் அதில் மட்டும்தான் திறக்கும். எங்கள் சமூகத்தில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயிலுக்கு ஒரு புள்ளி. பையனுக்குக் கல்யாணம் என்றால், தகப்பனார் புள்ளியைச் சரிபார்த்துத்தான் கோயில் மாலை கொடுப்போம். மாலை வராமல் தாலி ஏறாது.

வந்து பார்த்த டிக்கெடுப்பாரிடம், "புதுசு வாங்கிரலாமே" என்றேன்.

"ஏண்ணே, வயசாயிருச்சுன்னு உங்களை மாத்துனாகளா? நாலு நாள் குடுங்க."

புல்வெளி போயிற்று. திரையில் ஜன்னல்கள் சறுக்கி மூடும் ஒய்யாரம், திறக்கும்போது வரும் இசை எல்லாம் போயின. உள்ளேயிருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷால் பெருக்கினார். கணினி திறக்க ஆன ஆறு நிமிஷம் ஒரு நிமிஷமாயிற்று. மனிதர் அடங்கவில்லை. "அம்பது செகண்டுக்குள்ள வரணும்ண்ணே." நான்காம் நாள் நாற்பத்தெட்டில் வந்தது.

எனக்குப் பொறாமை. நாற்பதாக்கிக் காட்டுவோம் என்று அவர் போனபின் உட்கார்ந்தேன். எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெயர் புரியாததையெல்லாம் அழித்தேன். பொறுப்பாகக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அழிந்தவற்றில் ஒன்று, பட்டியல் முழுவதும் தட்டச்சாகியிருந்த பழைய தமிழ் எழுத்துரு.

மறுநாள் காலை அரியக்குடிக்காரர் ஒருவர் தன் கல்யாணத்துக்கு மாலை கேட்டு வந்தார். திரையில் அவர் தகப்பனார் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கலந்து நின்றன.

"என்னங்க இது, எங்க அப்பச்சி பேரு கேள்விக்குறியா?"

பழைய கையெழுத்துப் பேரேட்டைப் பார்த்து மாலையைக் கொடுத்தனுப்பினோம். "யாரு கை வச்சது?" என்றார் தலைவர். "டிக்கெடுப்பார்தான்" என்றேன்.

அவரை வரவழைத்தார்கள். "நான் டிக்கைத்தான் எடுப்பேன், பொருளை எடுக்க மாட்டேன். வேணும்னா திரும்ப டிக் போட்டுக்கலாம்ல?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதன்பின் கடைத்தெருவில் கணினி பார்க்க அவரைக் கூப்பிடுவது நின்றது. ஏழாவது மாதம் ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் என் கண்ணெதிரே கடைக்காரர் சொன்னார்: "நீங்க அங்குட்டே நில்லுங்க சாமி. கோயில் கம்ப்யூட்டரையே துடைச்சவுக நீங்க." அவர் படியிறங்கினார்.

அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து, நடந்ததைச் சொல்லி ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். "பட்டியலைச் சரிபண்ணிட்டுப் போங்க" என்றார் தலைவர். ஜெராக்ஸ் கடையிலும் போய்ச் சொன்னேன். பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்பதாவது அச்சகத்தில், ஒரு பழைய சிடியில் அந்த எழுத்துரு கிடைத்தது. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தார்.

"இருக்காகளா?"

"இருக்காக. ஆனா உங்களுக்கு இல்லைன்னு சொல்லச் சொன்னாக."

மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி, சிடியை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் இல்லாத நேரம் பார்த்து அலுவலகத்துக்கு வந்து எழுத்துருவை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். பெயர்கள் அத்தனையும் திரும்பிவிட்டன. என் ராஜினாமாக் கடிதத்தை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. என்னோடு இன்றுவரை பேசவில்லை. கணினியில் எனக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார். அதில் நான் எதையும் பார்க்கலாம், எதையும் அழிக்க முடியாது. அந்தக் கணக்கில் மட்டும் எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கின்றன. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதை அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.