ஏற்றத்தாழ்வு 'நீங்க'

உலகத்தில் சமத்துவம் முதன்முதலாகத் தோன்றிய இடம் தேனாம்பேட்டை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், மாநிலக் குடை வாரியத்தின் மூன்றாவது மாடி. தோற்றுவித்தவன் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதால் இதை ஒருமுறைதான் சொல்கிறேன்.

வாரியத்தின் 'சமத்துவம் மற்றும் பன்முகத்தன்மை மேம்பாட்டுக் குழு'வுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். தேர்ந்தெடுத்த அன்று நான் லீவு. ஆனாலும் தகுதி உண்டு. வீட்டில் காபி குடித்த டம்ளரை நானே கொண்டுபோய் சிங்க்கில் போடுகிறேன். கழுவுவது என் மனைவியின் உரிமை. அதில் தலையிட மாட்டேன்.

குழுவில் பன்முகத்தன்மைக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் மயிலாப்பூர், ஒருவர் அபிராமபுரம், சுந்தரராமன் அடையாறு, நான் மந்தைவெளி. பெண்களும் சிறுபான்மையினரும் விடுபட்டுவிடக் கூடாதே என்று மெஹக்கை அழைத்து டீ கொண்டுவரச் சொன்னோம். ஒரே தட்டில் இரண்டு பிரதிநிதித்துவம். அவர் கணக்குப் பிரிவின் உதவி மேலாளர் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் கூட்டத்தின் நடுவே, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஜோதிலட்சுமி உள்ளே வந்தார்.

"என்னம்மா, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"லேடீஸ் பாத்ரூம் சாவி வோணும் சார்."

பெண்கள் கழிப்பறையின் சாவி, பாதுகாப்பு கருதி, என் மேஜை டிராயரில் இருக்கும். கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும்.

"காலைல கழுவசொல்ல குடுக்கற. அப்பால வாங்கி வச்சிக்கிற. எனுக்கு சுகர் கீது சார், அடக்க முடில. ரோட்ட தாண்டி பெட்ரோல் பங்க்குக்கு ஓடிக்கினு கீறேன். நேத்து வழியிலயே ஆயிடுச்சி. ஈரப் பொடவையோடதான் இந்த மாடிய பெருக்கினேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நிஜமாகவே. வெட்கம் வந்தால் தீர்மானம் போடுவது எங்கள் வழக்கம்.

"அநியாயம் சார்," என்றார் சுந்தரராமன், குரல் நடுங்க.

"ஆமாம், பாவம்."

"அதைச் சொல்லலை. சமத்துவக் குழுத் தலைவர், ஒரு பெண்மணியைப் பார்த்து, 'உனக்கு'ன்னு கேக்கலாமா?"

குழு அதிர்ந்தது. நூற்றாண்டுகளாக யாருக்கும் அகப்படாத ஏற்றத்தாழ்வின் ஆணிவேர் எங்களிடம் அகப்பட்டுவிட்டது: ஒருமை.

"சார், சாவி உங்க டிராயர்லதானே இருக்கு? எடுத்துக் குடுத்துடுங்களேன்," என்றார் மெஹக்.

"தனிநபர் பிரச்சினைகளை அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்போம்," என்றேன். டீ நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

சாயங்காலமே சுற்றறிக்கை போனது. வாரிய வளாகத்தில் எவரும் எவரையும் ஒருமையில் அழைக்கக் கூடாது, மீறினால் பணிநீக்கம். வாசலில் பேனர் கட்டினோம்: 'ஏற்றத்தாழ்வு நீங்க, நீங்க என்போம்!' அதில் என் படம் கொஞ்சம் பெரிது. எழுத்துக்கு இடம் போதவில்லை என்று பெயிண்டர் குறைப்பட்டுக்கொண்டார்.

மாற்றம் உடனே தெரிந்தது. "ஏய், இந்தக் குப்பையை எடு" என்றவர்களெல்லாம் "மேடம், இந்தக் குப்பையை எடுங்க" என்றார்கள். குப்பை பழைய குப்பைதான்.

வாரியத்தின் செயலாளர் பேனரைப் பார்வையிட வந்தார். நான் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஜோதிலட்சுமி வேகமாக வந்தார்.

"சார், சாவி குடுக்கறியா, இல்லியா?"

'குடுக்கறியா'! செயலாளர் முன்னால்! ஜோதிலட்சுமி பேசும் தமிழில் கடவுளுக்கும் கலெக்டருக்கும் அதே 'குடு'தான் என்று மெஹக் வாதாடிப் பார்த்தார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அவருக்கு விளக்கினேன். வாரியம் முழுக்கச் சலித்துப் பார்த்தும் சுற்றறிக்கையை மீறியவர் ஒரே ஒருவர்தான். அப்படியாக, 'நீங்க' திட்டத்தின் முதல் 'நீக்கம்' இனிதே நடந்தேறியது.

உத்தரவை நானே படித்துக் காட்டினேன்.

"அப்போ எனுக்கு வேல இல்லியா சார்?"

"அப்படி மரியாதையில்லாமல் எழுதுவோமா? 'தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை' என்று எழுதியிருக்கிறோம்."

அவர் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"சரி... சார், போறதுக்கு முன்னாடி ஒரேயொரு தபா அந்த சாவிய குடுங்க. அவசரமா கீதுங்க."

குடுங்க! கீதுங்க! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றறிக்கை ஜெயித்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தேன். இரண்டு கைகளையும் கூப்பினேன்.

"மன்னிக்கணும் மேடம். அது ஊழியர்களுக்கு மட்டுங்க."