குடும்பப் படத்தில் நாய்க்குக் கிடைத்த நியாயம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். அவள் சமையலறையில் நலம், நான் கூடத்தில் நலம். தங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. தாங்கள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் மின்விசிறி தங்கள் பக்கமே திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் தங்களைப் பற்றி மைக்கில் பேசி மானத்தை வாங்கிவிட்டேன் என்று தங்கள் காதுக்குச் செய்தி வந்திருக்கும். போட்டுக்கொடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும், இப்போது சமையலறையில்தான் இருக்கிறாள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு தாங்களே முடிவுசெய்யுங்கள்.

ஓய்வு பெற்றபின் என்னை டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா? பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வாராவாரம் பொதுமக்களுக்கு இலவசச் சொற்பொழிவு, தலைப்பு ‘இனமும் கலையும் சமூக நீதியும்’. மூன்றில் எதுவும் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் ஏ.சி. பிடிக்கும். எல்லோரும் சமம் என்று கேட்கப் போன என்னை முதல் வரிசையில் உட்காரவிடவில்லை, அது பிரமுகர்களுக்காம். இரண்டாவது வரிசை பிரமுகர்களோடு வருகிறவர்களுக்காம். மூன்றாவது வரிசை வராத பிரமுகர்களுக்காம். கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் எனக்குச் சமத்துவம் கிடைத்தது. டீயும் அப்படித்தான், அவர்களுக்குப் பீங்கான், நமக்குக் காகிதம். பேராசிரியையை அறிமுகம் செய்தவர் அவரைவிட அதிக நேரம் பேசினார்.

ஆனால் அந்தப் பேராசிரியை பேசியது மட்டும், கிண்டல் இல்லாமல் சொல்கிறேன் மச்சான், என்னை உலுக்கிவிட்டது. பழைய ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டினார். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி பட்டுடுத்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நாய், ஓரமாக ஒரு கறுப்பின வேலைக்காரர் பழத்தட்டோடு நிற்கிறார். நாயின் முடியை ஒவ்வொன்றாக வரைந்த ஓவியர், அந்த மனிதருக்கு இரண்டு கண்ணையும் ஒரு தட்டையும் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். “இவரை ஏன் இங்க நிக்க வச்சாங்க தெரியுமா? பக்கத்துல இவர் நின்னாத்தான் அந்தம்மா இன்னும் வெள்ளையாத் தெரிவாங்க” என்றார் பேராசிரியை. அந்த ஓரத்து மனிதரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தால், கூடத்துச் சுவரில் நான் நிற்கிறேன்.

தாங்கள் முன்னின்று எடுப்பித்த குடும்பப் படம்தான். நடுநாயகமாகத் தாங்கள், மடியில் தங்கள் நாய், சுற்றிலும் எலுமிச்சம்பழ நிறத்தில் தங்கள் வீட்டார். கோடியில், பூந்தொட்டிச் செடிக்குப் பின்னால், ஒரு சட்டையும் சில பற்களும். அந்தச் சட்டைக்குள் இருப்பது நான். நாயின் மீசை பளிச்சென்று தெரிகிறது. எனக்கு மீசை இருந்ததற்கு அந்தப் படத்தில் சாட்சியே இல்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, வெளிச்சம் மறைக்குது” என்று தாங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தங்கள் தங்கையிடம் முறையிட்டேன். “இத்தனை வருஷமா அங்கதான் தொங்குது, இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா? அந்த நாய்க்கு ஒரு வேளை சோறு போட்டதில்ல, இப்ப அதுகூடப் போட்டியா?” என்றாள். சமூக நீதி வீட்டுக்குள் எப்படி நசுக்கப்படுகிறது என்பதை அன்றே புரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் படத்தைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன். எனக்குத் துணை வந்த ஒரே ஜீவன் என் சகலை, தங்கள் கடைசித் தங்கையின் வீட்டுக்காரர். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார். “நீங்க கேக்கிறது நியாயம்தாண்ணே” என்று ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, பஸ்ஸில் ஏறும்போது படத்தின் மூலை கண்டக்டர் விலாவில் இடித்து, அவர் திட்டி, என் சார்பில் சகலை மன்னிப்புக் கேட்டு, இறங்கும்போது கதவில் மோதிக் கண்ணாடி விரிசல் விட்டு, மண்டப வாசலில் காவலாளி இது என்ன என்று மறிக்க, சகலை ‘சாட்சியம்’ என்று சொல்லி, எப்படியோ உள்ளே போய்விட்டோம். கேள்வி நேரத்தில் எழுந்து என் வாழ்க்கையைச் சொன்னேன். கேள்வி மட்டும் கேளுங்கள் என்றார்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். பேராசிரியைக்கு ஒரே உற்சாகம். படத்தை வாங்கித் திரையில் பெரிதாகப் போடவைத்து, இதில் யார் யார் தெரிகிறார்கள் என்று சபையைக் கேட்டார். தங்களைச் சொன்னார்கள். பெண்களைச் சொன்னார்கள். நாயைப் பலர் சொன்னார்கள், அது என்ன ஜாதி என்றுகூட அந்தச் சமத்துவ மண்டபத்தில் ஒருவர் கேட்டார். என்னை யாரும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு மாணவி, “செடிக்குப் பின்னால ஒருத்தர் இருக்கார் மேடம், நாற்காலி எடுத்துப்போட வந்தவர்னு நினைக்கிறேன்” என்றாள். சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. சிரித்துக்கொண்டுதான் நின்றேன், உள்ளுக்குள் அழுகை வந்தது மச்சான். அந்த வேகத்தில்தான் மைக்கைப் பிடித்து, யாரை எங்கே நிறுத்துவது என்று அன்று முடிவுசெய்தவர் யார் என்பதைத் தங்கள் மூக்கு உட்பட அங்க அடையாளங்களோடு சொல்லிவிட்டேன். நன்றாகவே கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் தாங்கள் குடும்பத்தோடு வரும்போது புதுப்படம் எடுக்கப்போவதாகச் சமையலறைத் தொலைபேசிப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். நடு நாற்காலி வேண்டும். இது என் ஒருவனுக்காகக் கேட்பதல்ல. உலகத்தில் ஓரமாக நிறுத்தப்பட்ட அத்தனை பேருக்காகவும் நான் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஆளை நிறுத்தும் வழக்கம் இந்த வீட்டில் இன்றோடு ஒழிந்தது. சம்மதமில்லை என்றால் புதுப்படம் என் கூடத்துச் சுவரில் ஏறாது.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், காலமான நாயின் வாரிசுக்கு என் விசாரிப்பையும் சேர்ப்பிக்கவும். எல்லோரும் தீர்க்காயுசாக, நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்
(செடிக்குப் பின்னால்)

பி.கு.: படம் எடுக்கும் அன்று சகலையும் வருகிறாராம். தங்கமான மனிதர், என்னைவிட ஒரு படி கறுப்பு. எனக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால் அவரை நிற்க வையுங்கள். பக்கத்தில் அவர் நின்றால் நான் கொஞ்சம் நிறமாகத் தெரிவேன். சும்மா நிற்கக் கூச்சப்பட்டால் கையில் ஒரு பழத்தட்டைக் கொடுத்துவிடலாம்.