திறந்தால் எரியும், மூடினால் அணையும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து இசக்கிபாண்டி அந்தப் பொட்டியைப் பதினோரு தடவை திறந்து பதினோரு தடவை மூடிவிட்டான்.

சாதாரணப் பொட்டி இல்லை அது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வந்து, சுங்குவார்சத்திரத்து மாடி ரூமில் பாய் விரித்து உட்கார்ந்து, தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர். பக்கத்து மூடி கண்ணாடி. அதில் ஒட்டிய நீல லைட். உள்ளே மினுங்கிக்கொண்டே சுற்றும் மூன்று ஃபேன். போட்டுவிட்டால் கல்யாண மண்டபம் தோற்கும்.

ஆனால், மூடி திறந்திருந்தால்தான் இத்தனையும். சாத்தினால் லைட் ஒரு தடவை கண்ணடித்துவிட்டு அணையும். ஃபேனும் கூடவே நிற்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு சூப்பர்வைசர் அந்தோணிராஜ் வருகிறார். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் மூன்று வருஷமாகக் கதவு மாட்டுகிறான் இசக்கிபாண்டி. கனவிலும் கதவு மாட்டுகிறான். மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சியதற்கு அவர், "நீயே கம்ப்யூட்டர் பூட்டினேன்னு பீத்திக்கினு இருக்கியே, வூட்டாண்ட வந்து பாக்கறேன். வயர் வேலை சுத்தமா இருந்தா மேனேஜர்கிட்ட பேசறேன்" என்றிருந்தார்.

வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி கனகலட்சுமி.

"என்னங்க, ரூமுக்குள்ளயே இப்படி நடக்குதிய? இதுக்குள்ள ஒரகடம் போயிருக்கலாம்."

"ஃபேன் ஓடல. அதைப் பாக்கணும்."

"பேன் பாக்கவா? அது பொம்பளையாளுவ வேலைல்லா, இங்க குடுங்க."

"ஏளா, இது மண்டையில ஊருத பேன் இல்ல. கரண்டு. உனக்கு என்ன தெரியும்? போன் கம்பெனியில டப்பாவுல ஸ்டிக்கர் ஒட்டுதவ."

கனகம் ஒரு பீன்ஸை மட்டும் சற்று ஓங்கி நறுக்கினாள்.

இசக்கிபாண்டி ப்ளக்கை மாற்றினான். பொட்டியைக் கிழக்கே திருப்பினான், வடக்கே திருப்பினான். தலையில் ரெண்டு தட்டுத் தட்டினான், முதலில் பொட்டியின் தலையில், அப்புறம் தன் தலையில். மணி இரண்டரை ஆனது. கடைசியில் ஒரு திட்டம் போட்டான்: மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணி, நானே பண்ணினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வது.

"கனகம், படப்பையில மரகதத்துக்குப் பிள்ளை பிறந்திருக்குன்னியே, போய்ப் பாத்துட்டு வந்திரேன்."

"இன்னைக்கா? சார் வருதாவ, வடை சுடண்டாமா?"

"கடையில வாங்கிக்கிடலாம். நீ கிளம்பு."

அவளும் மறுபேச்சுப் பேசாமல் புடவை மாற்றிக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டதும் இசக்கிபாண்டி, அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதன் யாக்கோபுவுக்கு போன் போட்டான். யாக்கோபுவின் மனைவியும் அதே போன் கம்பெனிதான்.

"யாக்கோபு, வயர் தெரிஞ்ச ஆள் யாராவது உண்டா? அவசரம்."

"ஒரு ஆள் இருக்குப்பா. போன் கம்பெனி ரிப்பேர் செக்‌ஷன். எங்க வூட்டு மிக்ஸி, டேப் ரிக்கார்டர் எல்லாம் அந்த ஆள் கைதான். ஆனா கண்டிஷன் போடும்."

"எந்தக் கண்டிஷனும் சரி. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக்கூடாது."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் இருமல். "அனுப்பறேன்" என்றான் யாக்கோபு.

அரை மணி கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தான். கையில் சின்ன டூல் பையுடன் கனகலட்சுமி நின்றாள்.

"வயர் பாக்கணும்னு யாக்கோபு அண்ணன் சொன்னாவ. உங்க வீட்டம்மா இருக்காவளா சார்?"

இசக்கிபாண்டி அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ... ரிப்பேர் செக்‌ஷனா?"

"ஆறு மாசமாச்சு. நீங்க கேக்கல, நான் சொல்லல. ஷேர் ஆட்டோவுலயே யாக்கோபு அண்ணன் போன் வந்துட்டு. அவுக வீட்டுல கிடந்த டூல் பையை எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேன். கண்டிஷனைக் கேளுங்க. ஒண்ணு, இனி ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது. ரெண்டு, நான் வேலை பாக்கும்போது பக்கத்துல ஆள் நிக்கக்கூடாது. போயி டீ போடுங்க."

போனான். வேறு வழி? மூடியில் ஒட்டிய லைட்டின் வயர் கீல் இடுக்கில் சிக்கியிருந்தது. மூடியைச் சாத்தும்போதெல்லாம் அது, ஃபேன்களும் லைட்டும் சேர்ந்து மாட்டியிருந்த ப்ளக்கையே இழுத்து லூசாக்கிவிடும்; திறந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கனகம் வயரை இடுக்கிலிருந்து எடுத்தாள், ஓரமாக ஒதுக்கிக் கட்டினாள், மூடினாள். இதில் ஒன்றும் இசக்கிபாண்டிக்குத் தெரியாது. அவன் அடுக்களையில் டீத்தூளைத் தேடிக்கொண்டிருந்தான். டீயோடு வந்தபோது மூடிய பொட்டிக்குள் நீலம் பூத்திருந்தது.

"என்னளா கோளாறு?"

அவள் சொல்வதற்குள் படியில் பூட்ஸ் சத்தம். அந்தோணிராஜ்.

பொட்டியைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி வழியே வயர்களைப் பார்த்தார். வாயில் கடை வடையோடு மறுபடி பார்த்தார்.

"தலை வாரிவுட்ட மாதிரி கீதுப்பா. யாரு கட்டினது?"

இசக்கிபாண்டி கனகத்தைப் பார்த்தான். கனகம் விட்டத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

"சூப்பர்! நான் தேடினது உன்னைத்தான். ஒரகடத்துல என் மச்சான் பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கான். ஆசைப்பட்டு இதே மாதிரி அஞ்சு பொட்டி வாங்கினான். அஞ்சும் இதே கதை. திறந்தா எரியுது, மூடினா அணையுது. கிளம்பு, வண்டி கீழ நிக்குது. அதை முடிச்சுக் குடு, நாளைக்கே மேனேஜர்கிட்ட பேசறேன்."

இசக்கிபாண்டி மறுபடி கனகத்தைப் பார்த்தான். "சார், துணைக்கு இவளும் வரட்டுமே... இவளுக்கும் கொஞ்சம் வயர்..."

கனகலட்சுமி அவன் கையில் டூல் பையை அன்போடு கொடுத்தாள்.

"எனக்கு என்ன சார் தெரியும்? அஞ்சுதானே, இவுக ஒத்தையாளா முடிச்சுருவாவ."