மாமா, அந்த வீடு கோயமுத்தூரில் இல்லை

காந்திபுரம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய பிரான்சிஸ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் கிருபா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் ஹாஸ்டல் சாம்பாரும் எப்போதும்போல மெலிந்து, நலமாக இருக்கிறோம். அங்கே கிணத்துக்கடவில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இந்தப் பத்தி முடியும்வரையாவது அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஜெபம். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்ப குரூப்பில் "வீடு கெடைச்சாச்சு, பால்கனி எப்படி?" என்று ஒரு படம் போட்டேனே, அதை நீங்கள் ஆராதனை முடிந்ததும் சபையில் எல்லோருக்கும் காட்டிச் சாட்சி சொன்னீர்களே, அந்த வீடு கோயமுத்தூரில் இல்லை. திருப்பூரிலும் இல்லை. லாந்தர் சிட்டியில் இருக்கிறது. லாந்தர் சிட்டி என்பது போனில் ஆடுகிற விளையாட்டு. சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி பேசிவிட்டீர்களாம், பால் காய்ச்சப் போதகரையும் கூப்பிட்டுவிட்டீர்களாம். அத்தையின் பீரோ அந்த ஊருக்குப் போக வழியில்லை மாமா.

படத்தை நான் அனுப்ப நினைத்தது என் அறைத்தோழி யாஸ்மினுக்கு. அவளுக்கும் எனக்கும் பல மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது. அவள் பிரிட்ஜ் நைன் என்கிற இன்னொரு விளையாட்டின் கட்சி. எனக்கு பிரிட்ஜ் நைனும் வேண்டும், லாந்தர் சிட்டியும் வேண்டும். இரண்டையும் ஏற்றியதில் என் போன் தோசைக்கல்லாகிவிட்டது, ஒன்றை அழித்தே ஆக வேண்டும். "எதுடி பெருசு, சொல்லிப்போடு" என்று அவள் தினமும் கேட்பாள். அவளை மடக்குவதற்காக எடுத்த படம் விரல் தவறிக் குடும்பத்துக்குப் போய்விட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. வேலைக்குள் போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எங்கள் மோட்டார் கம்பெனிக்கு ஞாயிறு லீவும் கிடையாது, ஏனென்றால் கிணற்று மோட்டார் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ரிப்பேராகும், தோட்டத்துக்காரர்கள் அன்றைக்கென்று புகார் வாங்குகிற என்னைத்தான் திட்டுவார்கள். மாலையில் போனைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் அல்லேலூயா. அதோடு அத்தையின் குரல் செய்தி: "கண்ணு, உங்கம்மா தோப்புக்குப் போயி, இனி வேலைக்கு வரமாட்டேன்னு தோப்புக்காரப் பண்ணாடிகிட்டச் சொல்லிப்போட்டு வந்துட்டா." அம்மாவைத் தேங்காய் பொறுக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் நான் வீடே தேடுகிறேன். இப்போது வேலை போயிற்று, வீடு வரவில்லை.

உடனே "இந்தச் சனியன் பிடிச்ச வெளையாட்டு" என்று ஆரம்பிக்காதீர்கள். அநியாயம் பேசக்கூடாது. இரண்டும் நகரத்துக் கதைகள். குதிரை, அரண்மனை, இளவரசி எதுவும் இல்லை. மின்கம்பி, மொட்டைமாடி, டீக்கடை, நடுவே வானத்திலிருந்து விழுகிற பூதங்கள். சண்டை போடும் ஆட்களைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். தேர்க்கடையில் பொம்மைக்கு ஆசைப்பட்டுச் சீட்டைக் கிழித்தால் சீப்பு வருமே, அதே வித்தை. நான் அதற்குக் காசு போடுவதில்லை, கொடுத்த வேலையைச் செய்து சீட்டு சேர்ப்பேன். உழைத்துவிட்டுச் சீப்பு வாங்குவது நம் குடும்பத்துக்குப் புதிதா?

பிரிட்ஜ் நைன் சின்ன ஊர். மொத்தமே சில தெருக்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் திரை கறுத்து, உக்கடத்தில் டவுன் பஸ் நிற்பதுபோல நிற்கும். ஆனால் அந்தச் சில தெருக்களைச் செய்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மழை விட்டதும் கடைப் பலகையின் சிவப்பு ரோட்டில் ஓடும். காயப்போட்ட துணியில்கூடச் சொட்டு நிற்கும். சண்டையோ, சொல்லி முடியாது. எதிரி ஓங்குகிற கணத்தில் ஒரு மணிச் சத்தம் கேட்கும். அந்த இமைப்பொழுதில் விரலை வைத்தால் அடி திரும்பி அவன்மேலேயே விழும். திருப்பி அடிப்பது இவ்வளவு அழகான காரியம் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை; நம் வீட்டில் சொல்லித் தந்ததெல்லாம் "செரிங்க" ஒன்றுதான். அதில் லேசில் கிடைக்காத ஐந்து நட்சத்திரக் கதாநாயகி யார் தெரியுமா? தெருக் கூட்டுகிற ஒரு அக்கா. துடைப்பத்தைச் சுழற்றினால் பூதம் பொடியாகும். நம் ஊரில் தெருக் கூட்டுகிறவருக்குத் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றுகிறார்கள். அங்கே அவர் கிடைக்க ஊரே தவம் கிடக்கிறது.

லாந்தர் சிட்டி அதற்கு நேர்மாறு. ஊர் பெரிது, கை சுத்தம் கிடையாது. சண்டை, மின்சாரக் கொசு பேட்டை வீசுவதைப் போலிருக்கும். நான் ஓட்டிய டாக்ஸி ஒருமுறை மரத்தின்மேல் ஏறி நின்றுவிட்டது, அதிலிருந்த பயணி அங்கேயே இறங்கி நன்றி சொல்லிவிட்டு நடந்து போனார். ஆனால் அந்த ஊரில் பூட்டின கதவு இல்லை மாமா. எந்த ரயிலிலும் ஏறலாம், எந்த மாடிக்கும் போகலாம், எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிடலாம். இவ்வளவு பெரிய ஊரைக் கட்டி எல்லாக் கதவையும் திறந்து வைக்க ஒரு மனசு வேண்டும். சண்டையை நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம்.

இனி நிஜ ஊர். புரோக்கர் திருமூர்த்தி என்னைக் கணபதியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் பேர் பாலுசாமி. தங்கமான பேச்சு. கொங்கு நாட்டில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "ங்க" போட்டுத்தான் அறுப்பார்கள்.

"வாங்க அம்மணி. ஊரு எதுங்க?"

"கிணத்துக்கடவு பக்கமுங்க."

"அட, நம்ம பக்கந்தானுங்க! தோட்டம் எத்தனை ஏக்கராங்க?"

"தோட்டம் இருக்குதுங்க. எங்களுது இல்லீங்க."

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஊருக்குள்ளயே ஊடுங்களா, இல்ல… வெளிய தள்ளிங்களா?"

"சர்ச்சுக்குப் பக்கமுங்க."

"செரிங்க, செரிங்க. கொலசாமி எதுங்க?"

சர்ச்சுக்குப் பக்கம் என்று சொன்ன பிறகும் கேட்டார். நான் பதில் யோசிக்கும் முன்பே கையிலிருந்த போனில் பிரிட்ஜ் நைன் தானாக எழுந்து, துடைப்பக்கார அக்கா தன் பாஷையில் போர்க்கூச்சல் போட்டார். பாலுசாமி பூஜை அறைப்பக்கம் ஒரு அடி துள்ளினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, வீட்டை மச்சானுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு மச்சான் இருக்கிறான் மாமா. கோயமுத்தூரில் காலியாக இருக்கும் அத்தனை வீட்டிலும் அந்த மச்சான்தான் குடியிருக்கிறான்.

திரும்பி வரும்போது நான் திருமூர்த்தியிடம் தைரியமாகச் சொன்னேன், "அடுத்த ஊடு உறுதிங்க." ஏனென்றால் இந்த விளையாட்டுகளில் ஒரு தர்மம் உண்டு. எத்தனை சீட்டில் தோற்றாய் என்று விளையாட்டே எண்ணிக்கொண்டிருக்கும். ஓர் அளவுக்குமேல் உன்னைத் தோற்க விடாது. கேட்ட ஆளைக் கொடுத்தே தீரும். அதற்குப் பேரே இரக்கம்தான். நான் இத்தனை வாசலில் தோற்றாயிற்றே, கணக்கு நிரம்பியிருக்கும் என்று மனதார நம்பினேன்.

"அதெப்படிங்க அம்மணி உறுதி? சோசியம் பாத்தீங்களா?"

நான் விளக்கினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்ல ஏற்பாடுங்க. ஆனா இங்க யாரும் எண்ணறதில்லீங்க. ஒவ்வொரு ஊட்டுலயும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுங்க."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், லாந்தர் சிட்டியில் வீட்டுத் தரகர் அலுவலகத்துக்குள் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஜன்னல் கடலைப் பார்த்து வேண்டுமா, ரயிலைப் பார்த்து வேண்டுமா?" அவ்வளவுதான் மாமா. ஊர் கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை, கறி சமைப்பாயா என்று கேட்கவில்லை. ரயில் என்று சொன்னேன், சாவியைக் கொடுத்துவிட்டாள். நான் அந்த வீட்டுப் பால்கனியில் நின்று கொஞ்சம் அழுதேன், பல் விளக்கிக்கொண்டிருந்த யாஸ்மின் நுரையோடு ஓடிவந்து "ஏன்டி, கேம்ல தோத்துட்டியா?" என்றாள். அந்த நிலைமையில் அனுப்பிய படம்தான் அது.

ஆகவே என் தீர்ப்பு: கைவேலைக்கும் சண்டைக்கும் பிரிட்ஜ் நைனை மிஞ்ச ஆளில்லை. லாந்தர் சிட்டி மனசுக்குப் பெரிது, ஆனால் என் அம்மாவின் வேலையைப் பறித்தது அது காட்டிய ஆசை. அதனால் அதை இன்று மாலை போனிலிருந்து அழித்துவிடுகிறேன். நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். குட்டியானையையும் போதகரையும் நிறுத்தி வையுங்கள். அம்மாவிடம் மெதுவாக, முதலில் சாப்பிட வைத்துவிட்டு, படம் பொய் என்று சொல்லுங்கள். தோப்புக்குத் திரும்பிப் போய் வேலை கேட்க அவளுக்கு வாய் வராது. வேறு எங்காவது வேலை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் இறங்கவும், சபையார் உங்களைக் கேலி செய்யாமல் இருக்கவும் கர்த்தர் அருள் புரிவாராக.

உங்கள் மருமகள்,
கிருபா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். கவரை ஒட்டுவதற்குள் அம்மா ஒரு பையோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கிறாள். காலில் விழாத குறையாக உண்மையைச் சொன்னேன். "அது வெளையாட்டு ஊடுன்னு தெரியும் கண்ணு" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "வானத்துல ரெண்டு நெலா இருந்துச்சே. கோயமுத்தூருல ஒண்ணுதான?" சபையில் அத்தனை பேர் பார்த்தீர்கள் மாமா, ஒருவர்கூட நிலாவை எண்ணவில்லை. பிறகு ஏன் வேலையை விட்டாய் என்றேன். "சும்மா நின்னுக்கறேன்னா ஆயிரங் கேள்வி கேப்பாங்க. பண்ணாடிகிட்டப் படத்தக் காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு, பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. ‘இது உம் புள்ள ஊடா கருப்பாத்தா’ன்னாரு. ஆமாங்கன்னேன். அந்த மொகத்தப் பாக்கறதுக்கே வேலைய உட்டுப்போடலாம்" என்றாள். நாளைக்கு அவளும் என்னோடு வீடு பார்க்க வருகிறாள். குட்டியானைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நாள் மட்டும் தள்ளிப் போடுங்கள். அழித்தது பிரிட்ஜ் நைனைத்தான். யாஸ்மின் என்னோடு பேசுவதில்லை. போன் அம்மாவிடம் இருக்கிறது. லாந்தர் சிட்டியில் ஒவ்வொரு வீடாக, முன்வாசல் வழியாக, உள்ளே போய் அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருக்கிறாள்.