பெரணமல்லூரில் எனக்குக் கிடைத்த தனிமை

என்னை நானே கவனித்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். வீட்டில் வேறு யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள் என்பது இன்னொரு காரணம்.

கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவரை நான் கதை அனுப்புவேன், அவர்கள் பதில் போடமாட்டார்கள். எங்கள் உறவு அப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஆசிரியரே போன் செய்து, "பவுல்துரை சார், ஒரு குடும்பக் கதை குடுங்க. சிரிக்கிற மாதிரி இருக்கணும். ஆடி முடியறதுக்குள்ள வேணும்" என்றார். உடனே பேனாவை எடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. நெசவுக்குப் பேர்போன எங்கள் ஆரணியில் எல்லார் வீட்டிலும் பட்டு இருக்கிறது. எனக்கு மட்டும் கற்பனை பட்டுப்போய்விட்டது.

எப்படிப் பட்டுப்போகாமல் இருக்கும்? என் மனைவி சகாயமேரி வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறாள். முன்னறையில் போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவில் பேசுவாள்.

"வணக்கம் சிஸ்டர்ஸ்! இந்த முந்தியைப் பாருங்க! மயிலு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிகினு இருக்குது பாருங்க!"

நான் பின்னறையில் எழுதிக்கொண்டிருப்பேன். என் கதாநாயகன் பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்ல வாயைத் திறப்பான். அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து குரல் வரும்.

"சாயம் போகவே போகாது சிஸ்டர்ஸ், கேரண்டி!"

அவ்வளவுதான். கதாநாயகனின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் சாப்பிடும்போது மேரி சொன்னாள்.

"ஏங்க, ஆடியில வியாபாரம் டல்லு. வர்ற வாரம் வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சிடலாம்."

"ஆளு வரணுமே."

"ஆளு எதுக்கு? நீங்கதான் கதை எழுதணும்னு லீவு போட்டுட்டு வீட்லயே கீறீங்களே."

நான் ரசம் கேட்டுப் பேச்சை மாற்றினேன். அன்று சாயங்காலமே என் சிநேகிதன் பிலிப்பிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு கட்டுரை வந்தது. வானத்திலிருந்து வந்தது என்றே நினைத்தேன். தலைப்பு: 'எழுத்தாளரே, உம்மைக் கவனியும்!'

'உமது கற்பனை ஊற்று வற்றிவிட்டதா? நீர் உம்மை நேசிக்கவில்லை. வீட்டைவிட்டுப் புறப்படும். மரங்களும் மிருகங்களும் உள்ள இடத்துக்குப் போம். போனை அணைத்து வையும். முக்கியமாக, பெயிண்ட் வாடை கற்பனைக்கு ஆகவே ஆகாது.'

எப்பேர்ப்பட்ட ஞானி எழுதியிருக்க வேண்டும்! எனக்காகவே எழுதினது போல இருந்தது. குரல் தழுதழுக்க மேரிக்குப் படித்துக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"பெயிண்ட் வாடையைக் கூடவா சொல்லிகீறாங்க?"

"பெரிய பெரிய எழுத்தாளருங்க எல்லாம் இதைத்தான் செய்றாங்க மேரி."

"அப்ப போய்ட்டு வாங்க."

நான் ஒரு மணி நேரத்துக்கு வாதம் தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் வாய்க்குள்ளேயே வீணாய்ப் போனது.

"எங்கே போறது?" என்றேன்.

"பிலிப் அண்ணன் வீடு கீதே, பெரணமல்லூர்ல. தோப்பு, காத்து, மரம். அவரு ஒரகடத்துல கம்பெனி வேலையில கீறாரு. அவரு சம்சாரம் இவாஞ்சலினும் அவங்க அக்கா வீட்டுக்குப் போறாளாம். வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கும். நீங்க தனியா, நிம்மதியா எழுதலாம்."

லுங்கி, தைலம், முறுக்கு எல்லாம் அவளே எடுத்து வைத்தாள். வழியனுப்பும்போது அவள் கண் கலங்கியது போல இருந்தது. மனைவியைப் பெயிண்ட் வாளியோடு தனியே விட்டுப் போகிறோமே என்று எனக்கும் லேசாக உறுத்தியது. பஸ் கிளம்பியதும் சரியாகிவிட்டது.

பெரணமல்லூரில் இவாஞ்சலின் பையும் கையுமாகக் கேட் அருகிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே, ஜல்தி வாங்க, வந்தவாசி பஸ்ஸு வந்துடும்! கோழிங்களுக்குக் காலையில கம்பு போடுங்க. ஆட்டுக்கு அகத்தித் தழை ஒடிச்சுப் போடுங்க. கரண்டு வர்றப்போ மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணி விட்டுடுங்க. வான்கோழி மட்டும் கொஞ்சம் கோவக்காரன். அவனுக்கு முதுகைக் காட்டாதீங்க."

"இவா, நான் எழுத வந்திருக்கேம்மா..."

"எழுதுங்கண்ணே, யாரு வேணாம்னா? அவன் பேரு துரை. பேர் சொல்லிக் கூப்பிட்டா அடங்குவான்."

கேட்டைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டாள். பவுல்துரையும் துரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கட்டுரையில் சொன்னபடி போனை அணைத்தேன். மாமரத்தடியில் நாற்காலி போட்டேன். முதல் வாக்கியத்தை எழுதி, உரக்கப் படித்துப் பார்த்தேன். உடனே பக்கத்தில் "களகளகளகள" என்று ஒரு சத்தம். துரை கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு நின்றான். வாக்கியத்தை மாற்றிப் படித்தேன். மறுபடி "களகளகள." எத்தனையோ விமர்சகர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் கருத்துச் சொன்னவர் யாருமில்லை.

ஆடு அதற்கும் மேல். கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து என் முதல் பக்கத்தைத் தின்றது. இரண்டாம் பக்கத்தை முகர்ந்து பார்த்து வேண்டாமென்று திரும்பிவிட்டது. படித்துப் பார்த்தேன். ஆடு சொன்னது சரிதான்.

கரண்டு எப்போது வரும் என்று மோட்டாருக்குக் காவல். கோழி எங்கே போயிற்று என்று தோப்பெல்லாம் தேடல். அகத்தி ஒடித்து ஒடித்துக் கை காய்த்துவிட்டது. வீட்டில் பெயிண்ட் அடித்திருந்தால் இந்நேரம் ஆரணி கோட்டை முழுவதுக்குமே அடித்து முடித்திருப்பேன். மறுநாள் நினைவில்லாமல் துரைக்கு முதுகைக் காட்டிவிட்டேன். துரத்தின துரத்தலில் லுங்கி ஒரு பக்கம் போக, நான் மோட்டார் கொட்டகைக் கூரையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே துரை உலாத்தினான். "துரை, துரை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் மேரியைக் கூப்பிட, சட்டைப்பையிலிருந்த போனைப் போட்டேன்.

போட்டதும் அவள் வைத்திருந்த ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. கடல். கடலுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியில் இரண்டு பெண்கள், கையில் ஐஸ்கிரீம். ஒருத்தி இவாஞ்சலின். இன்னொருத்தி என் மனைவி. கீழே எழுதியிருந்தது: 'எங்களை நாங்களே கவனிச்சிகினு கீறோம்!'

"மேரி! எங்கே இருக்கே?"

"பாண்டிச்சேரிங்க. அலை சத்தம் கேக்குதா?"

"இவாஞ்சலின் அவ அக்கா வீட்டுக்குப் போறதாத்தானே நீ சொன்னே?"

"நான் அவளுக்கு அக்கா மாதிரிதானே."

"பெயிண்ட்டு?"

"அந்த வாடை உங்களுக்கு ஆகாதே."

"அது வந்து, கட்டுரையில..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கூடவே ஒரு சந்தேகமும் இறங்கியது. "மேரி, அந்தக் கட்டுரையை எழுதினது யாரு?"

அந்தப் பக்கம் இவாஞ்சலின் சிரிப்பது கேட்டது.

"நல்லா இருந்துச்சாங்க? அந்த 'போம், வையும்'னு பைபிள் தமிழ் போடறதுக்குத்தான் ரொம்ப பேஜாராப் போச்சு. சாதாரணமா எழுதினா நீங்க நம்பமாட்டீங்கன்னு இவாதான் சொன்னா. அவ பிலிப் அண்ணனுக்கு அனுப்பி, அவரு உங்களுக்கு அனுப்பினாரு."

"பிலிப்புமா! ஏன் மேரி இப்படி? என்கிட்ட கேட்டிருந்தா நானே அனுப்பி வெச்சிருக்க மாட்டேனா?"

"கேட்டேனே. வருஷக் கணக்கா கேட்டுகினுதான் கீறேன். நீங்க எழுதிகினு இருந்தீங்க, காதுல விழல." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தெனமும் வீடியோவுல 'கடல் நீலம், கடல் நீலம்'னு புடவை விக்கிறேன். கடல் இன்னா கலர்னு நேத்துதாங்க பார்த்தேன். நான் சொல்ற கலரே இல்லை அது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கீழே துரைகூடச் சும்மா நின்றான்.

"மேரி," என்றேன் கடைசியில், "இன்னும் ஒருநாள் இருந்து பார்த்துட்டு வா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இங்க நான் பார்த்துக்கறேன். ஆனா இவாகிட்ட கேளு, இந்த வான்கோழி எப்ப தூங்கும்?"

அவள் சிரித்த சிரிப்பு அலையைவிடப் பெரிசாகக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே போனில் தட்ட ஆரம்பித்தேன். கூரையில் உட்கார்ந்தபடியே, பெயிண்ட், கட்டுரை, ஆடு, துரை, கடல் எல்லாவற்றையும், எதையும் மறைக்காமல் எழுதினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பட்டு ஊர்க்காரனுக்குக் கடைசியில் பட்டறிவு கைகொடுத்தது. அங்கிருந்தே ஆசிரியருக்கு அனுப்பியும் விட்டேன். இறங்கத்தான் ரொம்ப நேரமாயிற்று.

ஊருக்குத் திரும்பினால் மேரி வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, முகம் மலர்ந்து இருந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் எனக்காகவே காத்திருந்தன. ஏணியில் நான் ஏறினேன், கீழே வாளியை அவள் பிடித்தாள். பாதிச் சுவரில் ஆசிரியர் போன் செய்தார்.

"சார், கதை ஜோர்! ஆபீஸே சிரிச்சுது."

ஏணியில் ஒரு படி தானாகவே உயர்ந்தேன்.

"ஒரு சந்தேகம் சார். அந்தக் கட்டுரையை நிஜமாவே உங்க வீட்டம்மாதான் எழுதினாங்களா?"

"ஆமாங்க."

"போனை அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தேன். மேரி உள்ளே போய்ப் பேசினாள். சிரித்தாள். நடுவில் "சரிங்க சார், எத்தினி பக்கம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. வெளியே வந்து வாளியைத் தாண்டி நின்றாள்.

"உங்க கதையைப் போடறாங்களாம்."

"ஆஹா!"

"பாண்டிச்சேரியில நடந்ததை என்னை எழுதித் தரச் சொல்றாரு. அது முன்னாடி வருமாம். உங்களுது அதுக்குப் பின்னாடி."

புடவையில் முந்தி கடைசியில்தான் வரும். என் வீட்டில் மட்டும் அவள் முந்திக்கொண்டாள்.

இப்போது மேரி பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் முன்னறையில் விரல் இடுக்கெல்லாம் பெயிண்ட்டோடு, வருகிறவர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா," என்கிறேன். "உள்ளே எழுத்தாளர் எழுதிகினு இருக்காங்க."